எட்டாம் குப்பி

ஜீப் வந்து நின்றபோது காலை பதினோரு மணி. தொண்ணூற்று நான்காம் வருடத்து ஏப்ரல் மாதம். வெயில் என்றால் அப்படியொரு வெயில். ராஜபாளையத்துக் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நிழல் பார்த்து நடந்துபோய்க்கொண்டிருந்தன. கல்லூரிக்கு விடுமுறை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. விலங்கியல் துறையின் பின்கட்டில் பதினாறு வருடமாகத் திறக்காத பழைய சாமான் அறை ஒன்று உண்டு. அதன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நான் நின்றிருந்தேன்.

என் பெயர் ஐயாதுரை. ஆய்வக உதவியாளர் என்பது சம்பளப் பட்டியலில் போட்ட பட்டம். தவளைக்கு மயக்கம் கொடுப்பதும், பாம்பு ஊறும் ஜாடிகளைத் துடைப்பதும், பேராசிரியர்களுக்கு வடை வாங்கி வருவதும்தான் வேலை. முப்பத்தொரு வருடம் அதைப் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் சுபாவம். ஆனால் இதில் எந்த இடத்தில் கூட்டவில்லையோ, அந்த இடத்தில் நானே சொல்லிவிடுகிறேன்.

பேய்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. எங்கள் பக்கத்துப் பேய்கள் சுத்தச் சோம்பேறிகள். புளியமரம், வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம் என்று நூறு வருடமாக ஒரே வேஷம். வெயில் நேரத்தில் ஒன்றுகூட வெளியே வராது. நான் சொல்லப்போகிறவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் பட்டப்பகலில் வந்தாள். அதுவும் ஆராய்ச்சிக்கு.

ஜீப்பிலிருந்து டாக்டர் சுயம்புலிங்கம் இறங்கினார். தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, இரண்டு கைக்கும் உறை. அந்த வெயிலில் அவரைப் பார்த்தால் இட்லிக் கொப்பரைக்குள் துணி சுற்றி வைத்த மாதிரி இருந்தது.

“கிட்ட வராதீங்க. பேசாதீங்க. மூச்சு விடாதீங்க,” என்றார்.

“மூச்சு விடாட்டா செத்துருவேனே சார்.”

“அந்தப் பக்கம் திரும்பி விடுங்க.”

ஆள் சேத்தூர்க்காரர்தான். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழங்கால எலும்பில் டி.என்.ஏ. பார்ப்பது அவர் தொழில். அதை அவர் எனக்கு விளக்கிய விதத்தைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். என் பாணியில் சொல்கிறேன். ஒவ்வொரு உயிருக்குள்ளும் நூல் மாதிரி ஒன்று இருக்கிறது. அதைப் படித்தால் இன்னார் என்று ஆளைச் சொல்லிவிடும். செத்த பிறகும் பல்லுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நாள் ஆக ஆக, இற்றுப்போன சேலை மாதிரி துண்டு துண்டாகிவிடும். அந்தத் துண்டைப் பிடித்து மருந்தில் போட்டுக் கோடி கோடியாகப் பெருக்கும் வித்தை அப்போதுதான் வந்திருந்தது. அதில் ஒரு வம்பு உண்டு. எலும்புக்குப் பக்கத்தில் யாராவது தும்மினால், தும்மியவனின் நூலும் சேர்ந்து பெருகிவிடும்.

நம்ம டாக்டர் இரண்டு முறை தும்மியிருந்தார்.

முதல் முறை மூவாயிரம் வருடத்து மனிதன் என்று மாநாட்டில் வாசித்தார். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, இது உங்களுடையது ஐயா என்றாள். இரண்டாம் முறை நாலாயிரம் வருடம். அதுவும் அவரே. தன் சொந்த எச்சிலுக்குத் தானே பழங்காலப் பட்டம் கொடுத்துக்கொண்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மூன்றாவது முறையும் இப்படி வந்தால் ஆராய்ச்சியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் எங்கள் சாமான் அறை. அவருடைய கூடத்தில் சுவர், நாற்காலி, மின்விசிறி என்று எல்லாவற்றிலும் அவரே ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மூச்சே படாத ஒரு இடம் வேண்டும் என்று தேடி, எங்கள் முதல்வரின் காலைப் பிடித்து, அங்கே வந்து சேர்ந்தார்.

அறையைத் திறந்தபோது அவர் என்னிடம் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் ஐயாதுரை. நான் இல்லாத ஒரு ஆள். யாரா இருந்தாலும் சரி.”

*

தளவாய்புரத்துக்கும் சேத்தூருக்கும் நடுவில் ஒரு பஞ்சு வியாபாரி குடோனுக்கு அஸ்திவார வானம் தோண்டிக்கொண்டிருந்தார். நாலடி ஆழத்தில் ஒரு முதுமக்கள் தாழியின் வாய் தட்டுப்பட்டது. தட்டியது வெள்ளத்தாயின் மண்வெட்டி. ஐம்பது வயது, நான்கு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்ப்பவள். நாங்கள் போனபோது மற்றவர்கள் எல்லாம் பீடி பிடிக்க ஒதுங்கிவிட்டார்கள். அவள் மட்டும் தாழிக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள், ஆஸ்பத்திரியில் ஆளுக்குத் துணை இருக்கிற மாதிரி.

டாக்டர் குழிக்குள் இறங்கி மண்ணை ஒதுக்கினார். மடக்கி உட்கார வைத்த எலும்புக்கூடு.

“பொம்பளை. நாற்பது வயசுக்குள்ள,” என்றார். “இடது கை எலும்பு வலதைவிடத் தடிமனா இருக்கு பாருங்க. எல்லா வேலையும் இடது கையாலயே செஞ்சிருக்கா.”

“பீச்சாங்கைக்காரியா,” என்று வெள்ளத்தாய் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, “பல்லப் பிடுங்கப் போறியளாய்யா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“பிடுங்குங்க. அதுக்கு முன்ன ஒரு கை தண்ணி விட்டுருங்க. எம்புட்டு நாளாத் தூங்குன ஆளோ. எழுப்பினா முதல்ல தண்ணி குடுக்கணும்லா?”

“ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாம் நாசமாப் போயிரும்.”

“தண்ணிதான ஐயா.”

“தண்ணிதாம்மா முதல் எதிரி. தள்ளிப் போ.”

குழி தோண்டும்போது எலும்பு கண்டால் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தொடுவது அவர்கள் வழக்கம். பத்து பைசா செலவில்லாத வழக்கம். இந்த மேதாவிக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவர் இடுக்கி எடுக்க ஜீப்புக்குப் போன நேரத்தில் வெள்ளத்தாய் செம்பை என் கையில் திணித்தாள்.

“அண்ணாச்சி, நீங்க விட்டுருங்க. நான் விட்டா அந்தாளு ஏசுவாரு. நான் போயி அவர நிப்பாட்டிப் பேச்சுக் குடுக்கேன். இது அவளுக்குன்னு மோந்தது, கீழ மேல சிந்திராதிய.”

செம்பை வாங்கிக்கொண்டேன். செத்த நேரம் கழித்துக் காலிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“விட்டாச்சா?”

தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

*

இந்த நூல் பெருக்கும் வேலைக்கென்று ஒரு இயந்திரம் உண்டாம். அதிலும் தன் மூச்சு பட்டிருக்கும் என்று டாக்டர் அதைக் கொண்டுவரவில்லை. இயந்திரத்துக்குப் பதில் நான். மூன்று அண்டாவில் தண்ணீர். ஒன்று கொதிக்கப்போகிற சூடு, ஒன்று கை பொறுக்காத சூடு, ஒன்று இரண்டுக்கும் நடுவே. சுண்டுவிரல் நுனி அளவுள்ள எட்டுப் பிளாஸ்டிக் குப்பிகளை ஒரு சட்டத்தில் மாட்டி, கடிகாரம் பார்த்து, ஒன்றிலிருந்து எடுத்து அடுத்ததில் முக்க வேண்டும். முப்பத்தைந்து சுற்று. சித்திரை வெயிலில், ஜன்னலை அடைத்த அறையில், வாயில் துணி கட்டிக்கொண்டு. பதினெட்டாம் சுற்றில் என் உடம்பில் வேர்வை தீர்ந்து, எலும்பு வேர்க்க ஆரம்பித்தது. இது கூட்டிச் சொன்னது.

ஏழு குப்பிகளில் பல்லைப் பொடித்து எடுத்த சாறு. எட்டாவதில் மருந்து எல்லாம் உண்டு, சாறு மட்டும் கிடையாது. அதற்குப் பதில் வெறும் தண்ணீர். பலமுறை காய்ச்சி வடித்து முத்திரை வைத்த கண்ணாடிப் புட்டித் தண்ணீர்.

“இது எதுக்கு சார், வேலையத்த வேலை?”

“இதுதான் சாட்சி. இதுல ஒண்ணும் வரக்கூடாது. வந்தா எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்.”

விடியக் காலையில் ஆரம்பித்த வேலை மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்தது. ஜன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டினோம். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். உள்ளே கை நீட்டினால் கை தெரியாது. ஃபார்மலின் வாடை. அலமாரியில் பாம்புகளும், கண் திறக்காத ஆட்டுக்குட்டியும் ஜாடிக்குள் மிதந்துகொண்டிருப்பது தெரியாவிட்டாலும் தெரிந்தது. ஊதா விளக்கு ஒன்றைப் போட்டு, அதன்மேல் கூழ்த் தகட்டை வைத்தார். எதில் டி.என்.ஏ. பெருகியிருக்கிறதோ, அதற்குரிய வரிசையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு எரியும்.

முதல் வரிசை இருட்டு.

இரண்டு, மூன்று, நான்கு. இருட்டு.

ஏழு வரை இருட்டு.

எட்டாவதில் கோடு எரிந்தது. மெல்லிய கோடு இல்லை. தணல் மாதிரி.

டாக்டர் மூச்சு விட மறந்துவிட்டார். அவருடைய முதல் உத்தரவை அவரே நிறைவேற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“குப்பியை மாத்திட்டீங்களா?” என்று கிசுகிசுத்தார்.

“நம்பர் போட்டது நீங்க சார்.”

அப்போதுதான் அந்த வாடை எனக்கு எட்டியது. ஃபார்மலினைத் தள்ளிக்கொண்டு வந்தது. புதுப் பானையில் முதல் முதலாகத் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த ஈரமண் வாடை.

*

மறுநாள் திரும்பச் செய்தோம். இந்த முறை பல்லுக்கு ஆறு குப்பி, தண்ணீருக்கு இரண்டு. பல்லில் ஒன்றும் இல்லை. தண்ணீர் இரண்டிலும் கோடு.

மூன்றாம் நாள் எட்டிலும் வெறும் தண்ணீர்.

எட்டும் எரிந்தன.

பல்லுக்குள் ஆள் இல்லை. தண்ணீருக்கு வந்துவிட்டாள்.

டாக்டர் தகட்டைச் சுட்டிக்காட்டினார். பழைய எலும்பு என்றால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், கோடு கீழே விழும். இது மேலே, முழு நீளத்துக்கு நிற்கிறது. “இது செத்த ஆளோடது இல்ல ஐயாதுரை. இப்ப உயிரோட இருக்கற யாரோ.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் இரவோடு இரவாக வந்து எல்லாப் புட்டியிலும் துப்பிவிட்டுப் போன மாதிரி.

உடனே ரத்தம் எடுக்கும் வைபவம். தாழியைத் தொட்டவர்கள் நாலு பேர்: அவர், நான், வெள்ளத்தாய், ஜீப் டிரைவர் சோணைமுத்து. ஊசியைக் கண்டதும் ஆறடி உயரச் சோணைமுத்து மயங்கி விழுந்தான். வெள்ளத்தாய் கையை நீட்டிக்கொண்டே, “பல்லும் எடுத்தாச்சு, ரத்தமும் எடுத்தாச்சு. அடுத்து என்னய்யா, ஈரலா?” என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அறை பூட்டியிருந்தது. பூட்டைத் தொடப் போனவன் நின்றுவிட்டேன்.

உள்ளே சத்தம்.

மடக். மடக். மடக்.

யாரோ நின்று, தலையை அண்ணாந்து, நிதானமாகத் தண்ணீர் குடிக்கிற சத்தம். இடையில் ஒரு மூச்சு. பிறகு மறுபடி.

மடக். மடக்.

கல்லூரியில் வேறு ஈ, காக்கை கிடையாது. என் சட்டைப்பையில்தான் ஒரே சாவி. நான் வீரன், நெஞ்சை நிமிர்த்திக் கதவைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். வேப்பமரத்தடிக்கு ஓடிப்போய் டாக்டர் வரும்வரை அங்கேயே நின்றேன். இது கூட்டாதது.

அவர் வந்து சாவியை வாங்கித் திறந்தார். மேசைமேல் தண்ணீர்ப் புட்டிகள் ஆறு. ரப்பர் மூடி, அலுமினிய வளையம், முத்திரை எல்லாம் கடையில் வாங்கியபடியே இருந்தன.

ஆறும் காலி.

*

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்வான்? தண்ணீரில்தான் வருகிறது, பல்லில் இல்லை, என் ஆராய்ச்சி தோற்றது என்று எழுதுவான். சுயம்புலிங்கம் படித்தவர் ஆயிற்றே. அன்று சாயங்காலம், முதல் நாள் கூழ்த் தகட்டைப் பிடித்த புகைப்படத்தை எடுத்தார். நான் தவளை வெட்டும் கத்திரிக்கோலை வாங்கினார். எட்டாம் வரிசையை மட்டும் தனியே கத்தரித்து, அதன் தலையில் ‘பல்’ என்று எழுதினார்.

“நாம எட்டாவது குப்பி போட்டதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்,” என்றார். “இது மட்டும் என்னோடது இல்லைன்னு வந்துட்டா போதும். என் பேரு நிமிர்ந்துரும்.”

“வேற யாரோடது சார்?”

“யாரா இருந்தாலும் சரி.”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் முப்பது வருட அனுபவம் எனக்கு.

ஆடி மாதம் கடிதம் வந்தது. கூட்டெழுத்தில் குதூகலம். அவர் இல்லை. நான் இல்லை. வெள்ளத்தாய் இல்லை, சோணைமுத்து இல்லை. அவருடைய கூடத்தில் யாருமே இல்லை. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கட்டுரையைப் போட ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி: பழைய கதை அவர்களுக்கும் எட்டியிருப்பதால், அவருடைய ரத்தத்தை மறுபடி எடுத்து, அதிலுள்ள நூலின் எழுத்துகளையும் பக்கத்தில் அச்சடிக்க வேண்டுமாம், இரண்டும் வேறு என்று வாசகர்கள் கண்ணால் பார்ப்பதற்கு. ‘வெறும் சம்பிரதாயம்’ என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு வரி இல்லை.

*

மாசி மாதம் ஒரு காலையில் கல்லூரி வாசலில் ஒருவர் நின்றார். காவலாளி பிச்சைக்காரர் என்று விரட்டிக்கொண்டிருந்தான். தொப்பி இல்லை, வாய்த்துணி இல்லை, உறை இல்லை. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கருவாட்டுக் கடையில் தொங்க வேண்டிய ஆள் தவறி இங்கே வந்த மாதிரி இருந்தார்.

“ஐயாதுரை, தண்ணி,” என்றார்.

துறைப் பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தேன். குடித்தார். இன்னொன்று. இன்னொன்று. கடைசியில் பானையையே தூக்கி வாயில் வைத்தார். ஒரு குடம் கொள்ளும் பானை. அடியில் ஒரு சொட்டு விடவில்லை. இதில் நான் ஒரு சொட்டும் கூட்டவில்லை.

அம்புட்டையும் குடித்தது இடது கையால்.

“சார், நீங்க வலது கைதானே?”

அவர் தன் இடது கையை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன்,” என்றார் மெல்ல. “அவதான் வந்தா. திரும்ப எடுத்தேன். அவதான். வேற ஊர்க் கூடத்துக்கு என் பேரு போடாம அனுப்பினேன். ஒரு பெண்ணோட ரத்தம்னு எழுதி அனுப்பினாங்க. முடி, நகம், எச்சில் எல்லாம் பாத்துட்டேன். நான் எங்கயுமே இல்ல ஐயாதுரை.”

இரண்டு முறை பழைய எலும்பைத் தொட்டு, இரண்டு முறையும் அதில் தன்னையே கண்டுபிடித்த மனிதர். இப்போது தன் உடம்பிலேயே தன்னைக் காணோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“நீங்கதான சார் கேட்டிய. நான் இல்லாத ஆளு, யாரா இருந்தாலும் சரின்னு.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சில் அந்தப் பல்.

“கட்டுரை வேண்டாம். பேரும் வேண்டாம். இதை வச்சிரணும். அந்தம்மா எங்க இருக்கு?”

*

வெள்ளத்தாய் வேறொரு கட்டடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு கை தண்ணியில முடிஞ்சிருக்கும்,” என்றாள். “வாங்க, போவோம்.”

தாழி கிடைத்த மூலையை விட்டுத் தள்ளிச் சுவர் எழுப்பியிருந்தார் பஞ்சு வியாபாரி. குழி மூடிக் கிடந்தது. அவள் தோண்டினாள், தாழியின் வாய் தெரிந்தது. டாக்டர் மண்டியிட்டு வெறுங்கையால் பல்லை உள்ளே வைத்தார். உச்சி வெயில். பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டிலிருந்து, சொல்லியனுப்பியதும் ஜீப்போடு வந்த சோணைமுத்துவும் நானும் குடம் குடமாகச் சுமந்தோம்.

வெள்ளத்தாய் முதல் குடத்தை ஊற்றினாள்.

மண் நனையவில்லை.

இரண்டாம் குடம். தாழிக்குள் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வாய் விளிம்பில் இருந்த தூசிகூட ஈரமாகவில்லை.

மூன்றாவதில் அந்தச் சத்தம் வந்தது.

மடக். மடக். மடக்.

தாழிக்குள்ளிருந்து இல்லை. டாக்டரின் தொண்டையிலிருந்து. அவர் வாயை மூடிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் தம்ளர் இல்லை. ஊற்ற ஊற்ற அவர் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

சோணைமுத்து குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

ஒன்பதாம் குடம் பாதியில் மண் கறுத்தது. ஈரம் பரவியது. சத்தம் நின்றது. டாக்டர் கண்ணைத் திறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வலது கையால்.

“அடங்கிட்டா,” என்றாள் வெள்ளத்தாய். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஆனாலும் ஒரு கணக்கு எனக்கு ஒப்பலயே அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க ஒரு செம்பு விட்டியள்ல? விட்டிருந்தா அவ ஏன் இம்புட்டுத் தவிச்சா?”

நான் காலிக் குடங்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“விட்டியள்லா?”

தலையாட்டினேன்.

அவள் டாக்டரைக் கைகாட்டினாள். “இவருக்குத் தீந்துட்டு,” என்று மட்டும் சொன்னாள்.

சரி, இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்ன வெயில் என்று முதலிலேயே எழுதினேன். செம்பு கையில் ஜில்லென்று இருந்தது. எலும்புக்குத் தண்ணீர் எதற்கு, உயிரோடு இருக்கிறவனுக்கு அல்லவா தாகம் என்று தோன்றியது. தோண்டிக் குவித்த மண்மேட்டுக்குப் பின்னால் போய் நின்று, ஒரே மூச்சில் அடிவரை குடித்தேன். அவளுக்கென்று மோந்த தண்ணீர். அப்படியொரு ருசியான தண்ணீரை என் ஆயுளில் நான் குடித்ததில்லை. லேசாக ஈரமண் வாடை அடித்தது.

*

டாக்டர் தேறிவிட்டார். அவர் ரத்தத்தில் அவரே திரும்ப வந்துவிட்டார் என்று கடிதம் போட்டார். இப்போது மீன்களின் டி.என்.ஏ. பார்க்கிறாராம். நல்ல ஏற்பாடு, மீனுக்குள் சுயம்புலிங்கம் வந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

குடம் சுமந்த அன்று புறப்படும்போது என் கையிலிருந்தும் ஒரு ஊசி ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்தக் கடிதத்தோடு ஒட்டிய உறை ஒன்றும் இருந்தது. ‘உங்கள் ரத்தத்தின் முடிவு உள்ளே இருக்கிறது. பிரிப்பது உங்கள் இஷ்டம்’ என்று மேலே எழுதியிருந்தார். நாலு வருடமாக அது பீரோவுக்கு அடியில் கிடக்கிறது. எனக்குப் பயம் இல்லை. அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

என் மனைவி தங்கபாய் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பாள். விடிந்தால் காலியாக இருக்கும். வயதானால் தாகம் எடுக்கும். இதற்கெல்லாம் ஆராய்ச்சியா செய்வார்கள்? பிறகு இரண்டு செம்பு வைத்தாள். இப்போது குடமே வைத்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தபோது வந்து வாசலில் நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, நீங்க எப்பத்துல இருந்து பீச்சாங்கையில தண்ணி குடிக்கிய?”

“என்னோட இருந்து இருந்து உனக்கும் கூட்டிச் சொல்ற வியாதி வந்துட்டு,” என்றேன்.

அவள் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். இரவு பேத்தியோடு கூடத்தில் படுத்துக்கொண்டாள்.

இன்று எழுதி முடித்துவிட்டேன். முழுநீளத் தாளில் பதினாறு பக்கம். சாப்பிடக் கூப்பிட்டாள் என்று கை கழுவப் போனேன். என் இடது கையின் ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, நீல மை அப்பியிருக்கிறது. எழுதுகிற வரியின்மேல் கை இழுபட்டுக்கொண்டே போனால் ஒட்டுகிற மை. கடைசிப் பக்கத்து எழுத்துகள் சில அதில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் படிந்திருக்கின்றன.

வலது கையில் ஒரு பொட்டு மை இல்லை.